சுற்றிக்கொண்டே இருந்த கட்டம்

குஜராத்துக்குப் போகட்டுமா என்று என் கணவர் என்னிடம் கேட்டது வாட்ஸப்பில். கேஸ் புக் பண்ணியாச்சா என்ற கேள்விக்கும், மகளுடைய பிசிக்ஸ் டியூஷன் நேரம் மாறிவிட்டதா என்ற கேள்விக்கும் நடுவில் அது இருந்தது. "நார்த்ல புது யூனிட் ஆரம்பிக்கிறாங்க. குஜராத். ரெண்டு வருஷம். என்னைக் கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?" அவ்வளவுதான். நான் அப்போது கம்பெனி வேனில், மேடவாக்கம் கூட்டு ரோட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்றையும் படித்தேன். கேஸ் புக் பண்ணியாச்சு என்று போட்டேன். டியூஷன் நேரம் மாறவில்லை என்று போட்டேன். நடுவில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன்.

மறந்துபோய் விடவில்லை. கோபத்தில் விட்டேன். ஒரு குடும்பத்தை இரண்டு ஊராகப் பிரிக்கிற விஷயத்தை, பால் பாக்கெட் எத்தனை என்று கேட்கிற அதே இடத்தில், அதே தொனியில் ஒரு மனிதர் கேட்பாரா? நேரில் உட்கார்ந்து கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு வீம்பு. என்ன சொல்லப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போகக்கூடாது. ஆனால் அதை வேனில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்காரி தூங்கி என் தோளில் சாய்ந்திருக்க, கட்டைவிரலால் தட்டி அனுப்ப எனக்கு மனமில்லை.

நேரில் என்பது எங்கள் வீட்டில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற சரக்கு இல்லை. வீடு கிழக்குத் தாம்பரத்தில். அவருக்கு வேலை மறைமலை நகரில், பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில், மெயின்டனன்ஸ் பிரிவில். எனக்கு வேலை நாவலூரில். அவர் ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போவார், நான் கிழக்கே போவேன். அவருக்கு வாராவாரம் ஷிஃப்ட் மாறும். முதல் ஷிஃப்ட் என்றால் நான் எழுந்திருக்கும்போது அவர் வண்டலூரைத் தாண்டியிருப்பார். நான் வீடு வந்து சேரும்போது டி.வி. முன்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பார். இரண்டாவது ஷிஃப்ட் என்றால் அதே கதை தலைகீழாக. மூன்றாவது ஷிஃப்ட் வாரத்தில், நான் கதவைப் பூட்டுகிற நேரத்தில் அவர் படியேறி வருவார். "சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல", "ம்", "மோட்டார் போடணும்", "ம்". அதோடு சரி, வேன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

அதனால் வீடு வாட்ஸப்பில் ஓடியது. கரண்ட் பில், தண்ணீர் லாரி, அவருடைய பி.பி. மாத்திரை, மகளுக்கு ரெக்கார்டு நோட்டு, மாடியில் ஒழுகுகிற டேங்க், என் தம்பி மகனுடைய ஞானஸ்நானத்துக்கு என்ன வாங்குவது, எல்லாம் ஒரே பேச்சில் கலந்து போகும். கேட்ட வரிசையில் பதில் வராது. எது சின்னதோ அதற்கு முதலில் வரும். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

நான் சம்பளம் வாங்குகிற வேலையும் இதுதான் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் கேள்வி கேட்பதும், பதில் வாங்குவதும் எப்படி நடக்கவேண்டும் என்று எழுதுவது என் பிழைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்றைக் கேட்டால், அதற்குப் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வந்த பிறகுதான் அடுத்தது. இப்போது அப்படி இல்லை. ஒரே இணைப்புதான், ஆனால் அதற்குள் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. பதில்கள் துண்டு துண்டாக, கலந்துதான் வரும். எண்ணைப் பார்த்து எது யாருக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் மெஸ்ஸில் பரிமாறுகிறவர் ஒரே ஆளாக ஏழெட்டு மேஜைக்கும் தோசையும் காபியும் கொண்டுவருவதைப் போல. தோசைக்குக் காத்திருக்கிறவரால் காபி கேட்டவர் தடைபடமாட்டார்.

இந்த முறையை எங்கள் டீமில் இருக்கும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். நான் பழைய ஆள். எனக்கு இது பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கே கேட்டோம், எங்கே பதில் வருகிறது என்று தலையும் வாலும் பிடிபடாமல் பல நாள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஐம்பதை நெருங்குகிற வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது உற்சாகமான காரியம் என்று எழுதுகிறவர்கள், மேடவாக்கம் வழியாக வேலைக்குப் போகாதவர்களாக இருக்க வேண்டும்.

குஜராத் கேள்வி வந்த அந்த வாரத்தில்தான் ஆபீஸில் கட்டம் சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கம்பெனிக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். நர்ஸ்கள் உட்காருகிற இடத்தில் ஒரு பெரிய ஸ்கிரீன். நோயாளியின் பெயரைத் தொட்டால், நாடித்துடிப்பு ஒரு கட்டத்தில், மருந்து ஒரு கட்டத்தில், சாப்பாடு ஒரு கட்டத்தில், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும். எல்லாமே ஒரே இணைப்பில், தகவல்களை வைத்திருக்கிற சர்வரைக் கேட்டு வாங்கியவை. இதில் ரிப்போர்ட் கட்டம் மட்டும் சில நேரம் வருவதில்லை. சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். மற்ற எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். தப்பு நடந்தது என்று சிவப்பில் ஒரு வரி வந்தாலாவது தேவலை. ஒன்றும் வராது. சுற்றும்.

முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளக் காரணமும் இல்லை. எங்கள் மானேஜர் என்னைவிடச் சின்னவர், நல்ல பையன்தான், ஆனால் எது ஓடுகிறது எது நின்றது என்று பச்சையிலும் சிவப்பிலும் காட்ட, சுவரில் மாட்டியிருக்கிற டேஷ்போர்டைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டார்.

"மேம், எல்லாம் க்ரீன்ல இருக்கு பாருங்க," என்றார். "கனெக்‌ஷன் ட்ராப் ஆகல. எரர் ரேட் ஒண்ணுமே இல்ல. ஆஸ்பத்திரில அவங்க நெட்வொர்க்தான் ஸ்லோவா இருக்கும்."

"நெட்வொர்க் ஸ்லோன்னா எல்லாக் கட்டமும் சுத்தணுமே. ஏன் இது மட்டும் சுத்துது?"

"அதான் மேம் நீங்க பாருங்க," என்றார், நானே அந்தக் கேள்வியைக் கேட்டு மாட்டிக்கொண்டதைப் போல. அப்படித்தான் அது என் தலையில் விழுந்தது.

சர்வர் பக்கத்தை எழுதுகிறவர்கள் அதே மாடியில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்களுடைய லீட் பொத்தேரியிலிருந்து பைக்கில் வருகிறவன். அவனிடம் போனேன். எது எப்போது வந்தது என்று பதிவாகிற லாக்கைப் புரட்டிவிட்டு அவன் தலையை ஆட்டினான். "உங்க ரிக்வெஸ்ட் எங்களுக்கு வந்துருக்கு மேம். பிரச்சினை இல்ல. நாங்க ப்ராசஸ் பண்ணிக்கிட்டுதான் இருக்கோம்." நான் திரும்பி வந்து எங்கள் லாக்கைப் பார்த்தேன். கேள்வி அனுப்பியாயிற்று, பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்று இருந்தது. மறுபடி அவனிடம் போனேன். "நாங்க அனுப்பிட்டோம். நீங்கதான் பதில் தரணும்." "எங்க சைட்ல ஒண்ணும் இல்ல மேம், உங்க சைட்லதான் பாக்கணும்." இப்படி அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடியே அந்த வாரம் போனது.

வீட்டில் அவர் அந்தக் கேள்வியை மறுபடி எழுதவில்லை. நானும் அதைத் தொடவில்லை. பார்த்துவிட்டேன் என்பதற்கு நீல டிக் விழுந்திருக்கும், அவருக்குத் தெரியும். மற்றதெல்லாம் வழக்கம்போல் நடந்தது. தண்ணீர் லாரிக்குச் சொல்லியாச்சா, சொல்லியாச்சு. டேங்க் ஒழுகலுக்கு ஆள் வந்தானா, நாளைக்கு வர்றானாம். மகளுக்கு ஜுரம் எப்படி, குறைஞ்சிருக்கு. யாராவது வெளியாள் எங்கள் பேச்சை எடுத்துப் படித்திருந்தால், எவ்வளவு ஒற்றுமையான தம்பதி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம், சர்ச்சில். அவர் எந்த ஷிஃப்டில் இருந்தாலும் காலை ஆராதனையைத் தவறவிடமாட்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவார். பாட்டுப் புத்தகத்தின் ஒரு ஓரத்தை அவரும் மறு ஓரத்தை நானுமாகப் பிடித்துக்கொண்டு பாடுவோம். அந்த ஞாயிறு அவர் பாடவில்லை, உதட்டை மட்டும் அசைத்தார். பிரசங்கம் நடக்கும்போது ஒருதடவை என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. ஆனால் பிரசங்கத்தின் நடுவில் பேசுகிற ஜாதி நாங்கள் இரண்டு பேருமே இல்லை. முன் பெஞ்சில் என்னோடு படித்த டீச்சர் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணால் "அப்புறம்" என்றேன். அவர் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, "அது வந்து..." என்று ஆரம்பித்தார். அதே நேரம் மேல்வீட்டுக்காரர் போன் பண்ணினார். டேங்க் நிரம்பி வழிகிறதாம், மோட்டாரை யாரும் அணைக்கவில்லையாம். அவர் அதைப் பேசி முடித்ததும், "என்னவோ சொல்ல வந்தீங்களே," என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. போலாம்."

வீட்டுக்குப் போனதும் அவர் ஓவர்டைமுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு மறுபடி கோபம் வந்தது. கேட்கத் தைரியம் இல்லாதவர் குஜராத்தில் போய் என்ன சாதிக்கப்போகிறார் என்று பிரியாணிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். அவருக்குப் போக ஆசை இருக்கிறது, அதை என் வாயால் சரி என்று சொல்லவைக்கப் பார்க்கிறார் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். பிரியாணி அன்றைக்கு அடிப்பிடித்துவிட்டது. மகள் மேலாக இருந்ததை மட்டும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் படிக்கப் போனாள்.

திங்கட்கிழமை வேனில் ஏறியதிலிருந்தே ஒரே அசதி. எனக்குத் தூக்கக் குறைவினால் வருகிற அசதி தெரியும், வேலை அதிகமானால் வருகிற அசதியும் தெரியும். இது இரண்டும் இல்லை. நாள் முழுக்க எதையோ தூக்கிக்கொண்டு நிற்கிறோம், எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை என்கிற மாதிரி. மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆரில் பாதி ரோட்டைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வேன் நகரவே இல்லை.

"இன்னா மேடம், இன்னிக்கும் சோழிங்கநல்லூர் சிக்னல் புட்டுக்கிச்சு," என்றார் டிரைவர். "ஒரே பேஜாரா கீது. நீங்க படுத்துக்கோங்க, வந்தா எழுப்புறேன்."

படுத்துக்கொள்ளவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். சுற்றுகிற கட்டத்துக்காக இதுவரை நாங்கள் இரண்டு பக்கமும் அவரவர் லாக்கை மட்டும்தான் பார்த்திருந்தோம். நடுவில் இணைப்பில் உண்மையில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அதைத் துண்டு துண்டாகப் பிடித்துவைக்க ஒரு வழி உண்டு. சலிப்பான வேலை. ஆயிரக்கணக்கான வரிகள் வரும், கண் பூத்துப்போகும். வேறு வழியில்லாததால் அதைச் செய்தேன்.

ஆபீஸ் போய்ச் சேர்ந்து, மத்தியானச் சாப்பாட்டைக்கூட மேஜையிலேயே முடித்துக்கொண்டு, அந்த வரிகளைப் பார்த்தேன். நாடித்துடிப்புக் கேள்வி போகிறது, பதில் வருகிறது. மருந்துக் கேள்வி போகிறது, பதில் வருகிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் ரிப்போர்ட் கேள்வி போயிருக்கிறது. நோயாளியின் எண் போயிருக்கிறது. அதோடு நிற்கிறது. ஒரு கேள்வியை அனுப்புகிறவர் கடைசியில், 'நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான், முடிந்தது' என்று ஒரு அடையாளம் வைத்து அனுப்ப வேண்டும். அது வந்தால்தான் சர்வர் பதிலைத் தயாரிக்கும். அந்த அடையாளம் இந்தக் கேள்வியில் இல்லை.

ஏன் இல்லை என்று எங்கள் புரோகிராமில் தேடினேன். ரிப்போர்ட் கேட்கும்போது நர்ஸ் விரும்பினால் டாக்டருக்கு ஒரு குறிப்பும் சேர்த்து எழுதலாம். எங்கள் புரோகிராம் முதலில் நோயாளியின் எண்ணை அனுப்பிவிட்டு, குறிப்பு வந்ததும் அதையும் அனுப்பி, அதன் பிறகு 'முடிந்தது' என்று சொல்லும். நர்ஸ் குறிப்பு எழுதாமல் விட்டால்? அப்போதும் 'முடிந்தது' சொல்ல வேண்டும். அந்த வழியில் மட்டும் எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். அதனால் சர்வர், இவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை, மீதி வரட்டும் என்று காத்திருந்தது. எங்கள் பக்கம், கேட்டாயிற்று, பதில் வரட்டும் என்று காத்திருந்தது. இரண்டு பக்கமும் மகா மரியாதை. இத்தனை நேரத்துக்குள் பதில் வராவிட்டால் சத்தம் போடு என்று ஒரு கெடு வைப்பது உண்டு. பழைய புராஜெக்ட் ஒன்றில் அந்தக் கெடுவால் அடிக்கடி தேவையில்லாத அலாரம் அடிக்கிறது என்று அதைப் பூஜ்யத்தில் வைக்கிற பழக்கம் எங்கள் டீமில் வந்துவிட்டது. பூஜ்யம் என்றால் கெடுவே இல்லை என்று அர்த்தம். சர்வர்காரர்களும் எங்களைப் பார்த்து அதையே செய்திருந்தார்கள்.

பொத்தேரிப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ஸ்கிரீனில் அந்த வரியை விரலால் தொட்டான்.

"அப்போ ரெண்டு பேருமே வெயிட்டிங்ல இருந்துருக்கோமா மேம்?"

"ஆமா."

"மத்ததெல்லாம் போய்க்கிட்டே இருந்ததால தெரியல."

"ஆமா."

"கனெக்‌ஷன் அறுந்து போயிருந்தாக்கூட ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்போம்," என்றான் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வரி சேர்க்க வேண்டிய வேலை. சேர்த்தேன். கெடுவையும் வைத்தேன். மானேஜர் வந்து, "சூப்பர் மேம், கஸ்டமர் கால்ல நான் சொல்லிடுறேன்," என்றார். ஆஸ்பத்திரி ஸ்கிரீனில் கட்டம் நிரம்பியது. இத்தனை நாள் மல்லுக்கட்டிய ஒன்று தீர்ந்தால் வருகிற நிம்மதி எனக்கு வரவேண்டும். வரவில்லை. உடம்பு கனத்துக்கொண்டு வந்தது.

போனை எடுத்து எங்கள் பேச்சை மேலே தள்ளிப் பார்த்தேன். குஜராத் எங்கேயோ மேலே இருந்தது. தண்ணீர் லாரி, ஜுரம், டேங்க், பால், மாத்திரை, கரண்ட் பில் எல்லாவற்றையும் தாண்டித் தள்ளத் தள்ள விரல் வலித்தது. கடைசியில் கிடைத்தது. அதை முதல் தடவையாக நிதானமாகப் படித்தேன். புது யூனிட் என்று சொல்லியிருந்தார். ரெண்டு வருஷம் என்று சொல்லியிருந்தார். தனக்குப் போக ஆசையா இல்லையா என்று சொல்லவே இல்லை. அதை நான்தான் என்பாட்டுக்கு நிரப்பிக்கொண்டிருந்தேன்.

மானேஜரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வேனுக்கு இன்னும் நேரம் இருந்தது, ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்து சேர்ந்தேன். அவருக்கு அந்த வாரம் முதல் ஷிஃப்ட், சாயங்காலம் வீட்டில் இருப்பார். கதவைத் திறந்தபோது சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து, நான் காலையில் வைத்துவிட்டுப் போன சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "என்னாச்சு? உடம்பு சரியில்லையா?" என்றார். இந்த நேரத்தில் நான் வீட்டுக்கு வந்தால் அதுதான் காரணமாக இருக்க முடியும்.

பையை இறக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவரை எதிரில் உட்கார்ந்து பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. காதோரம் நன்றாக நரைத்திருந்தது. சாதம் ஆறிப்போயிருந்தது, சுட வைத்துச் சாப்பிட்டிருக்கலாம்.

"குஜராத் விஷயம்," என்றேன்.

"ம். சொல்லிட்டேன்."

"என்ன சொல்லிட்டீங்க?"

"சரின்னுதான். போன வெள்ளிக்கிழமை. எச்.ஆர்ல அன்னிக்குத்தான் லாஸ்ட்ன்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலியா உங்களுக்கு?"

"கேட்டேனே," என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கேட்டேன். நீயும் பாத்துட்ட. அதுக்கு மேல இருந்ததுக்கும் பதில் போட்ட, கீழ இருந்ததுக்கும் போட்ட. அதுக்கு மட்டும் போடல. சரி, உனக்கு ஒண்ணும் பரவால்லபோலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"வாட்ஸப்ல கேக்குற விஷயமா இது?"

"வேற எங்க வச்சு கேக்குறது? நீ எங்க இருக்க, நான் எங்க இருக்கேன்? சர்ச்சுலயாவது சொல்லிடலாம்னு பாத்தேன், அப்புறம்னுட்ட. அப்புறம்னா எப்போ?"

மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"உங்களுக்குப் போகணும்னு இருந்துச்சா?" என்று கேட்டேன்.

இடது கையால் தண்ணீர்த் தம்ளரைத் தள்ளிவைத்தார்.

"இல்ல," என்றார். "எனக்கு அந்த ஊர் பாஷையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. இந்த வயசுல அங்க போய் தனியா சமைச்சுத் தின்னுக்கிட்டு... வேணாம்னுதான் இருந்துச்சு. எல்லாரும் போறப்ப நான் மட்டும் மாட்டேன்னு நிக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. வீட்ல வேணாங்கிறாங்கன்னு சொல்லிடலாம்னு பாத்தேன்."

"அத எழுதியிருக்கலாமே நீங்க. எனக்குப் போக இஷ்டமில்லன்னு."

"எப்படிம்மா எழுதுறது அத?"

அதுவும் நியாயம்தான். எனக்கு அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. என் வீம்பும் அவருடைய கூச்சமும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டு நின்ற நாட்களில், நாங்கள் கேஸ் சிலிண்டரைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ போகாதீங்கன்னு சொல்லுவன்னு நெனச்சேன்," என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே. "தெனமும் பிரேக்ல போனத் தொறந்து பாப்பேன். பால் ரெண்டு பாக்கெட்னு இருக்கும். லாரி வந்துடுச்சுன்னு இருக்கும். போகாதீங்கன்னு அடிக்க எவ்ளோ நேரம் ஆகப்போகுது?"

"போகாதீங்க," என்றேன்.

வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அது தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. போன வாரமே அதைச் சொல்லியிருந்தால் அந்த முகத்தில் என்ன வந்திருக்குமோ, அது ஒரு நொடி வந்துவிட்டுப் போனது.

"இங்க என் எடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா," என்றார். "வியாழக்கிழமை ஃப்ளைட்."